ஸ்கிட் ஆனால் பிரேக்கை விடுங்கள்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் பாதி ரோடு நெற்களம்தான். காயும் நெல்மேல் பிரேக் பிடித்தால் பைக் இழுத்துக்கொண்டு போய்விடும். "வண்டி ஸ்கிட் ஆயிடுச்சு" என்போம்.

இந்த ஸ்கிட் முதலில் சறுக்கலே இல்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது பாரம் தாங்கும் மரக்கட்டை. அப்புறம், சரிவில் இறங்கும் வண்டியின் சக்கரம் சுழலாமல் தடுக்கும் கட்டைக்கும் அதே பெயர் வந்தது. சுழலாத சக்கரம் தேய்த்துக்கொண்டுதானே போகும்? 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சறுக்கலே ஸ்கிட் ஆகிவிட்டது. பனிச்சறுக்கு ஸ்கீயும் இதற்குத் தூரத்துச் சொந்தம் என்பார்கள்.

சரி, விஷயம் இதுதான்: சுழலாமல் பூட்டிக்கொண்ட சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. நெல்லைக் கண்டதும், ஏறும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஏறிய பிறகு முன் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலை ஒடிக்காதீர்கள். சக்கரம் பூட்டினால் பிரேக்கைத் தளர்த்துங்கள். சின்ன வண்டிகளில் இருக்கும் சிபிஎஸ், பிரேக்கை இரண்டு சக்கரத்துக்கும் பகிருமே தவிர பூட்டுவதைத் தடுக்காது. அது ஏபிஎஸ் வேலை.

ராத்திரியில் இன்னும் கவனம். நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் நெல்லைவிட அந்தக் கல்தான் ஆபத்து.