ஒன்பது பந்துக் கோஸ்ட்டை வெல்ல: வேலை முடிந்து பூல் ஆடுபவர்களுக்கு

"பெரிய ஆட்டக்காரர்கள் மாதிரி ஆட வேண்டும்" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை பந்துக் கோஸ்ட்டை வெல்கிறீர்கள்?" என்றுதான். பூல் என்பது க்யூ என்னும் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, மற்றப் பந்துகளை மேசையின் பாக்கெட்டுகளில் போடும் ஆட்டம்; கோஸ்ட் என்னவென்று அடுத்துச் சொல்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் ஓர் எண்ணாக வந்துவிட்டால், கனவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். நான் இப்போது ஏழில் இருக்கிறேன். ஒன்பதை எட்டுவதுதான் என் கனவு. வேலை முடிந்து மேசையில் ஒரு மணி நேரம் கிடைப்பதே எனக்குப் பெரிது. அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்பதை, என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

கோஸ்ட் என்பது ஆளில்லாத எதிராளி. மூன்று பந்துகளை மேசையில் உருட்டிவிடுங்கள். வெள்ளையைக் கையில் எடுத்து, விரும்பிய இடத்தில் வைத்துத் தொடங்கலாம். அதன்பின் சிறிய எண்ணிலிருந்து வரிசையாகப் போட வேண்டும். எல்லாவற்றையும் போட்டால் ஆட்டம் உங்களுக்கு. ஒன்றைத் தவறவிட்டாலும், வெள்ளை பாக்கெட்டில் விழுந்தாலும் கோஸ்ட்டுக்கு. முதலில் ஏழு ஆட்டம் எடுப்பவர் வென்றவர். மூன்றில் வென்றுகொண்டே இருந்தால் நான்குக்குப் போங்கள், பிறகு ஐந்து. ஒன்பதுக்கு வரும்போது முறையாக ரேக் வைத்து (பந்துகளை அடுக்கி), பிரேக் அடித்து (அடுக்கைக் கலைத்து), அதற்குப் பின் வெள்ளையைக் கையில் எடுங்கள். கோஸ்ட் ஒரு ஷாட்டும் தவறவிடாது, அதனால் பதற்றமும் தானாகவே வரும். தனியாகப் பயிற்சி செய்பவருக்கு அந்தப் பதற்றம் அவசியம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. பந்தைப் போடுவதையும், அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் வெள்ளையை நிறுத்துவதையும் சேர்த்து ஒரே வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை நூற்றுக்கு 80 முறை சரியாக வந்தால், மூன்று பந்துக் கோஸ்ட்டோடு ஏறக்குறைய சமமாக இருப்பீர்கள். அதே 80-ஐ வைத்துக்கொண்டு ஒன்பது பந்தையும் முடிப்பது நூற்றுக்கு 13 முறைதான். 90 ஆனால் 39 முறை. 93 ஆனால் 52, 95 ஆனால் 63. தொண்ணூறில் இருப்பவர் கோஸ்ட்டிடம் பெரும்பாலும் தோற்கிறார், தொண்ணூற்று மூன்றில் இருப்பவர் மெல்ல முந்துகிறார். நடுவில் இருப்பது நூறு ஷாட்டில் மூன்று ஷாட்.

அந்த மூன்று ஷாட் எங்கே இருக்கிறது? இரண்டு குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பு) மோதவைத்துப் போடும் வித்தை ஷாட்டில் இல்லை, அது ஒரு ஆட்டத்தில் வருவதே அபூர்வம். "இதெல்லாம் விழுந்துவிடும்" என்று நாம் நினைக்கும் ஷாட்களில்தான் இருக்கிறது. எந்தப் பந்தையும் எந்த வரிசையிலும் போடலாம் என்ற ஸ்ட்ரெயிட் பூலில் வில்லி மோஸ்கோனி 1954-இல் தொடர்ச்சியாக 526 பந்து போட்டார். 2019-இல் ஜான் ஷ்மிட் 626 போட்டார், 2022-இல் ஜேசன் ஷா 714 வரை போனார். ஸ்ட்ரெயிட் பூலில் நீண்ட ரன் ஒன்றைப் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலானவை பக்கத்தில் இருக்கும் எளிய ஷாட்களாகத்தான் இருக்கும். அவர்களுக்கு எளிய ஷாட் கிடைத்துக்கொண்டே இருப்பது வெள்ளையை அவர்கள் நிறுத்தும் இடத்தால். நம் பயிற்சியும் அங்கேதான் போக வேண்டும்.

முதலில் ஸ்ட்ரோக் (க்யூவை வீசும் அசைவு) நேராகப் போகிறதா என்று பாருங்கள். கோடு போட்ட பந்து ஒன்றை வெள்ளையாகப் பயன்படுத்துங்கள். கோடு செங்குத்தாக, உங்கள் க்யூ போகும் திசையிலேயே நிற்கும்படி வைத்து, எதிர்க் குஷனை நோக்கி நேராக அடியுங்கள். பந்தின் நட்ட நடுவில் பட்டிருந்தால் கோடு ஆடாமல் உருளும். கொஞ்சம் இடமோ வலமோ பட்டிருந்தால் கோடு தள்ளாடும். க்யூ நுனியில் பூசிய சாக் பந்தில் ஒட்டிய தடம் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடும். நடுவில் அடிப்பதாக நம்பிக்கொண்டு, எப்போதும் ஒரே பக்கம் சற்று விலகி அடிப்பவர்கள் ஏராளம். பிடி தளர்வாக இருக்கட்டும், க்யூவைத் தாங்கும் பிரிட்ஜ் கை அசையாமல் இருக்கட்டும், இலக்குப் பந்து விழும்வரை தலை எழவே கூடாது.

கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் அணிபவன்தான். க்யூவுக்கு மேல் குனிந்ததும் நாம் கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாகப் பார்க்கிறோம், சில நேரம் ஃபிரேமே பார்வையை மறைக்கிறது. இரண்டு பவர் உள்ள கண்ணாடி என்றால் இன்னும் சிரமம். ஆடுவதற்கு மட்டும் ஒரே பவரில், மூக்கில் உயரமாக உட்காரும் பெரிய ஃபிரேம் ஒன்று செய்துகொள்வது நல்லது. அதுவரை தாடையைக் க்யூவில் ஒட்டவைக்க முயலாமல் கொஞ்சம் நிமிர்ந்தே ஆடுங்கள். கழுத்து வலியும் குறையும்.

அடுத்தது ஸ்டாப் ஷாட். ஒரே ஒரு ஷாட்டைத்தான் பயிற்சி செய்ய முடியும் என்றால் நான் இதையே எடுப்பேன். இலக்குப் பந்தை மேசையின் நடுப்புள்ளியில் வையுங்கள். ஒரு மூலைப் பாக்கெட்டுக்கு நேராக, எதிர் மூலைப் பக்கமாக, முதலில் ஒரு சாண் தூரத்தில் வெள்ளை. பந்து விழ வேண்டும், வெள்ளை மோதிய இடத்திலேயே நிற்க வேண்டும். நின்றபின் பம்பரம் போல் சுற்றினால் நடுவில் அடிக்கவில்லை என்று பொருள். சரியாக வந்ததும் வெள்ளையைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இன்னும் தள்ளுங்கள், எதிர் மூலையை நெருங்கும்வரை.

தூரம் கூடும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயிற்சி பாதியாகச் சுருங்கும். வெள்ளை நிற்க வேண்டுமென்றால், மோதும் கணத்தில் அது முன்னோக்கியும் உருளக் கூடாது, பின்னோக்கியும் சுழலக் கூடாது. துணியின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து மோத வேண்டும். ஆனால் துணியின் உராய்வு வெள்ளையை விடாமல் முன்னோக்கி உருட்டப் பார்க்கும். பக்கத்தில் இருக்கும் பந்துக்கு நடுவில் அடித்தால் போதும், உருளத் தொடங்குவதற்குள் மோதிவிடும். தூரத்துப் பந்துக்கு நடுவுக்குக் கீழே அடித்துப் பின்சுழற்சி கொடுத்து அனுப்ப வேண்டும். அந்தச் சுழற்சி வழியில் கரைந்து, மோதும் இடத்தில் சரியாகத் தீர்ந்துபோக வேண்டும். எவ்வளவு கீழே, எவ்வளவு வேகம் என்பது மேசைக்கு மேசை, துணிக்குத் துணி மாறும். புதிய மேசையில் ஆடும் முன் நான் செய்யும் முதல் வேலை, தூரத்து ஸ்டாப் ஷாட் சில அடித்துத் துணியைத் தெரிந்துகொள்வதுதான்.

ஸ்டாப் ஷாட் கைக்கு வந்துவிட்டால் இன்னொரு பெரிய விஷயமும் கூடவே வருகிறது. அதே வழுக்கும் வெள்ளையைக் கோணத்தில் மோதவிட்டால், இலக்குப் பந்து போகும் கோட்டுக்குச் செங்கோணத்தில் அது பிரிந்து போகும். வெள்ளை இயல்பாக உருண்டுவந்து மோதினால் பாதை வேறு. இலக்குப் பந்தின் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை எவ்வளவு பருமனாக மோதினாலும், வெள்ளை தன் பழைய திசையிலிருந்து சுமார் 30 டிகிரிதான் விலகும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நன்றாக விரித்து வெற்றிக் குறி காட்டினால், பலருக்கும் அந்த இடைவெளி ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். அடிக்கும் முன் கையை மேசைமேல் நீட்டி, ஒரு விரலை வெள்ளை வரும் திசையில் வைத்தால், மற்ற விரல் அது போகும் இடத்தைக் காட்டும். இந்த இரண்டு பாதைகளும் தெரிந்தவருக்கு வெள்ளை பாக்கெட்டில் விழுவது பெருமளவு குறைந்துவிடும்.

வெள்ளையைச் சரியான இடத்தில் நிறுத்தும் பொசிஷன் பயிற்சிக்கு எழுதுகிற ஏ4 தாள் ஒன்று போதும். மூன்று பந்தை உருட்டிவிட்டு, முதல் ஷாட்டுக்கு முன்பே வெள்ளை நிற்க வேண்டிய இடத்தில் தாளை வையுங்கள். வெள்ளை தாளைத் தொட்டு நிற்க வேண்டும். நின்றால் தாளைப் பாதியாக மடியுங்கள், தவறினால் மீண்டும் விரியுங்கள். எந்த அளவில் தாள் மடிந்தும் விரிந்தும் மாறிக்கொண்டிருக்கிறதோ, அதுதான் இன்றைய உங்கள் மட்டம். தாளை எங்கே வைப்பது என்பதை மூன்றாவது பந்திலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். மூன்றாவதற்குப் போக இரண்டாவது பந்தின் எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும், அந்தப் பக்கத்துக்கு முதல் பந்திலிருந்து எப்படி வருவது? சரியான பக்கத்தில் நின்றால், சில அங்குலம் முன்பின் ஆனாலும் கவலையில்லை. தவறான பக்கத்தில் நின்றால் பந்துக்கு எவ்வளவு அருகே இருந்தும் பயனில்லை. இன்னொன்று: வெள்ளை அடுத்த ஷாட்டின் கோட்டைக் குறுக்கே வெட்டிப் போகாமல், அந்தக் கோட்டின் நெடுகவே வந்து நிற்கும் பாதையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது வேகம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஷாட் இருக்கும்.

பக்கச் சுழற்சியைத் தள்ளிப்போடுங்கள் என்றே சொல்வேன். க்யூவை வலப்பக்கம் வைத்து அடித்தால் வெள்ளை இடப்பக்கம் சற்று விலகிக் கிளம்பும், வழியில் வளைந்து திரும்பவும் செய்யும். டிஃப்ளெக்‌ஷன் (இந்த விலகல்) குறைந்த ஷாஃப்ட் (க்யூவின் முன்பகுதி) அந்த விலகலைக் குறைக்குமே தவிர அழிக்காது. ஐந்து பந்துக் கோஸ்ட் வரை மேல், நடு, கீழ் மட்டுமே போதும். ஆனால் த்ரோவை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மெதுவாக, வழுக்கும் வெள்ளையால் அடிக்கும் கட் ஷாட்டில் (கோணத்தில் வெட்டிப் போடும் ஷாட்) உராய்வு இலக்குப் பந்தை வெள்ளை வந்த திசைக்குச் சற்று இழுக்கும், பந்து போதுமான அளவு திரும்பாமல் பாக்கெட்டின் விளிம்பில் இடிக்கும். பந்து அழுக்காக இருந்தால் இழுப்பு இன்னும் கூடும். அத்தகைய ஷாட்டில் ஒரு முடி மெலிதாக, அதாவது இலக்குப் பந்தின் ஓரத்தை நோக்கிச் சற்றுத் தள்ளிக் குறிபாருங்கள், முடிந்தால் பந்துகளைத் துடைத்துவிட்டு ஆடுங்கள்.

க்யூ எது என்பதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நேராக இருக்கும் ஒரு க்யூ, நன்றாக இருக்கும் ஒரு டிப் (க்யூவின் நுனி), இரண்டையும் மாற்றாமல் ஆடுங்கள்.

என் ஒரு மணி நேரம் இப்படிப் போகும்: கோடு போட்ட பந்தும் ஸ்டாப் ஷாட்டும் முதல் கால் மணி, தாள் அடுத்த கால் மணி, மீதி அரை மணி கோஸ்ட். கோஸ்ட்டிடம் தோற்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நோட்டில் ஓர் எழுத்து போடுவேன். பந்து விழவில்லை என்றால் 'ப', வெள்ளை தவறான இடத்தில் நின்றதால் தோற்றால் 'வெ', வரிசையையே தவறாக யோசித்திருந்தால் 'யோ'. கடினமான ஷாட்டைத் தவறவிட்டு 'ப' போடப் போகும்போது கொஞ்சம் நிதானியுங்கள். அந்தக் கடினமான ஷாட் ஏன் வந்தது என்று பார்த்தால், பல முறை அதற்கு முந்தைய ஷாட்டின் 'வெ'தான் காரணமாக இருக்கும், அதையே எழுதுங்கள். வாரக் கடைசியில் எது அதிகம் என்று எண்ணுங்கள். 'ப' அதிகமானால் அடுத்த வாரம் ஸ்டாப் ஷாட்டுக்கு நேரத்தைக் கூட்டுங்கள். 'வெ' அதிகமானால் தாளுக்குக் கூட்டுங்கள். 'யோ' அதிகமானால் பந்துகளை உருட்டிவிட்டு, க்யூவைத் தொடாமல், கடைசிப் பந்திலிருந்து முதல் பந்துவரை முழுத் திட்டத்தையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு அதற்கப்புறம் அடியுங்கள்.