கூடாரத்தில் தட்டு கழுவ மூன்று வாளி

சிங்கப்பூரின் பூலாவ் ஊபின் தீவில், ஜெலுத்தோங் கடற்கரையில் கூடாரம் போட்டால் எங்கள் வீட்டில் பாத்திரம் என் பொறுப்பு. தீவில் குழாய்த் தண்ணீர் விநியோகம் இல்லை. அதனால் கழுவும் தண்ணீரையும் சாங்கி படகுத்துறையிலிருந்தே சுமந்து போகிறோம்.

முதலில் வழித்தெடுங்கள். சம்பல் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் டிஷ்யூவோடு குப்பைப் பைக்குப் போகட்டும். பையை இறுக்கிக் கட்டுங்கள், காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வந்துவிடும். அப்புறம் முதல் வாளியில் சோப்புச் சுடுதண்ணீர், இரண்டாவதில் அலச நல்ல தண்ணீர்.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 4 லிட்டர் தண்ணீருக்கு, வாசனை சேர்க்காத சாதாரண 5 சதவீத பிளீச் 2 தேக்கரண்டி. தட்டு முழுதும் 2 நிமிடம் மூழ்கியிருக்க வேண்டும். சோப்பு நுரையோ எண்ணெயோ ஒட்டியிருந்தால் பிளீச்சின் வேலை கெட்டுவிடும், அதனால் அலசுவதில் அவசரம் வேண்டாம். பிளீச்சைச் சுடுதண்ணீரிலும் கலக்காதீர்கள்.

எடுத்ததும் துணியால் துடைக்காதீர்கள். இந்த ஈரக்காற்றில் துணிதான் முதலில் ஊசும். நான் வலைப்பையில் போட்டு மரக்கிளையில் தொங்கவிடுவேன், தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி. மழை வந்தால் கூடார விரிப்புக்கு அடியில். அழுக்குத் தண்ணீரைக் கடலில் கொட்டாமல் கழிவறை வடிகாலில் ஊற்றுங்கள்.