காண்ட்டையும் ஹெகலையும் வாசிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் புதிதாகச் சேரும் நண்பர்கள், ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட்டின் ‘தூய பகுத்தறிவின் விமர்சனம்’ நூலைத் திறந்த இரண்டாவது வாரமே, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: “நாம் காண்பதெல்லாம் வெறும் தோற்றம் என்கிறார், இது நம் மாயாவாதம்தானே?” பொறுமை வேண்டும், அகராதி வேண்டும் என்பன போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தோற்றத்தைப் பொய் என்று கொள்வது

காண்ட் ‘எர்ஷைனுங்’, ‘ஷைன்’ என்னும் இரு ஜெர்மன் சொற்களைக் கவனமாகப் பிரித்து ஆள்கிறார். முன்னது நம் புலன்களுக்கும் அறிவுக்கும் உரிய வடிவில் நமக்குப் புலப்படும் பொருள், பின்னது போலித்தோற்றம். தமிழில் இரண்டையும் ‘தோற்றம்’ என்றே எழுதிவிடுவதால், நூலின் அடித்தளமே வாசகரின் கண்ணில் படாமல் போகிறது. முன்னதைப் ‘புலப்பாடு’ என்று எழுதிப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும். காண்ட் தம் கொள்கைக்கு இட்ட ‘கருத்துமுதல்வாதம்’ என்ற பெயரும், பொருள்முதல்வாதத்துக்கு எதிர்ப்பதமாகவே நமக்குப் பழகிவிட்டதால், உலகம் கருத்திலிருந்து பிறந்ததாகக் காண்ட் சொன்னார் என்றே எண்ண வைக்கிறது.

என் முதுகலை ஆய்வேட்டின் ஓர் இயலை முழுவதும் இந்தத் தவற்றின்மேல்தான் கட்டியிருந்தேன். அதைப் படித்த பேராசிரியர், ஓரத்தில் பென்சிலால் “கப்பலை என்ன செய்தீர்கள்?” என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியால் எட்டு மாத உழைப்பைக் கைவிட நேர்ந்தது.

அவர் குறித்தது காண்ட்டின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஒரு வீட்டைக் கூரையிலிருந்து தரைவரை பார்க்கலாம். தரையிலிருந்து கூரைவரையும் பார்க்கலாம். வரிசை நம் விருப்பம். ஆற்றோட்டத்தில் இறங்கிச் செல்லும் கப்பலையோ முதலில் மேலேயும் பிறகு கீழேயும்தான் காண முடியும். அந்த வரிசையை மாற்ற நமக்கு உரிமை இல்லை. புலப்படுவதெல்லாம் பொய் என்றால், நம் விருப்பத்துக்கு வளையும் வரிசைக்கும் வளையாத வரிசைக்கும் வேறுபாடே இராது. அந்த வேறுபாட்டை விளக்கத்தான், காரண காரியத் தொடர்பு புலப்படும் உலகின் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் பொருந்தும் விதி என்று அவர் வாதிடுகிறார்.

இந்தத் தவறு காண்ட்டின் காலத்திலேயே நிகழ்ந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருகிறது. 1781இல் நூல் வெளிவந்தது. 1782இல் கோட்டிங்கனில் வெளியான மதிப்புரை, பொருள்கள் மனத்தின் எண்ணங்களாகவே இருக்கின்றன என்ற பார்க்ளியோடு அவரைச் சேர்த்துவைத்தது. அவர் 1783இல் ‘புரோலெகோமெனா’ நூலில் கடுமையாக மறுத்தார். 1787ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில், புற உலகின் இருப்பை ஐயுறும் அல்லது மறுக்கும் வகைக் கருத்துமுதல்வாதத்தை மறுக்கும் ஒரு பகுதியையே புதிதாகச் சேர்த்தார். இத்தனைக்குப் பிறகும் அவரை மாயாவாதி என்பது, அவர் மறுத்த கருத்தை அவர் தலையிலேயே கட்டுவதாகும். அது சங்கரருக்கும் நியாயம் செய்வதில்லை. வியாவகாரிக உண்மை, அதாவது அன்றாட உலக நடைமுறையில் செல்லுபடியாகும் உண்மை, என்று அவர் மரபு பேசுவதையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

தீசிஸ், ஆன்டிதீசிஸ், சிந்தசிஸ்

காண்ட்டுக்குப் பின் வந்த ஜெர்மன் மெய்யியலாளர் ஹெகலின் சிந்தனையைக் கருத்து, எதிர்க்கருத்து, இணைப்பு என்னும் இந்த மூன்று படிகளாகச் சுருக்குவது அடுத்த தவறு. இது அவருக்கு முந்தைய மெய்யியலாளர் ஃபிக்டே கையாண்ட சொற்கோவை. ஹெகலைத் திறக்கும் சாவி அன்று.

முன்னுரையில் தொடங்குவது

1807இல் வெளிவந்த ‘மனத்தின் நிகழ்வியல்’ நூலின் நீண்ட முன்னுரையை, நூலை முடித்த பிறகே ஹெகல் எழுதினார். நீங்களும் அதைக் கடைசியில் வாசியுங்கள். புலனறிவின் உறுதி பற்றிய முதல் அத்தியாயத்தில் தொடங்கி, அவர் சொல்வதை அப்படியே செய்து பாருங்கள். இரவில் ஒரு தாளில் “இப்போது இரவு” என்று எழுதிவைத்து, மறுநாள் நண்பகலில் எடுத்துப் படியுங்கள். ‘இரவு’ பொய்யாகியிருக்கும், ‘இப்போது’ மட்டும் அப்படியே நிற்கும்.