தலைநகரின் வரலாற்று இடங்களைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பேராக்கிலுள்ள நம் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்படும் குடும்பங்களின் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கிறது: காலையில் பத்துமலை, நண்பகலில் இரட்டைக் கோபுரம், மாலையில் சுதந்திரச் சதுக்கம், இடையில் நேரம் கிடைத்தால் தேசிய அருங்காட்சியகம், இரவுக்குள் வீடு. இடங்களைத் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவற்றை அடுக்கிய விதத்திலும், அங்கே போய் நின்ற பிறகு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவதிலும்தான் கோளாறு இருக்கிறது.

முதல் தவறு, வரைபடத்தைப் பார்க்காமல் திட்டம் போடுவது. பழைய கோலாலம்பூர், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தைச் சுற்றி வளர்ந்த சிறிய ஊர். ஜாமெக் பள்ளிவாசல், சுதந்திரச் சதுக்கம், சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், பாசார் செனி சந்தை, துன் எச்.எஸ்.லீ சாலையிலுள்ள மகா மாரியம்மன் கோயில் ஆகிய அனைத்தையும் நடந்தே பார்த்துவிடலாம். தேசிய அருங்காட்சியகம், தேசியப் பள்ளிவாசல், தேசிய நினைவுச் சின்னம் மூன்றும் ஏரிப்பூங்காப் பக்கம் இருக்கின்றன. பத்துமலையோ நகருக்கு வடக்கே தனியாக நிற்கிறது. இந்த மூன்று பகுதிகளையும் ஒரே நாளில் கலந்து போட்டால், பார்க்கும் நேரத்தைவிடச் சாலையில் நிற்கும் நேரமே அதிகமாகிவிடும். ஓர் இரவு தங்கி, முதல் நாள் ஆற்றங்கரைப் பகுதியையும் மறுநாள் அதிகாலையில் பத்துமலையையும் பார்ப்பது, முதியவர்களை அழைத்துச் செல்வோருக்குப் பொருத்தமான திட்டம்.

வேன் எடுத்துப் போனால் வசதி என்று நினைப்பது அடுத்தது. நெடுஞ்சாலையில் அது வசதிதான். நகருக்குள் நுழைந்ததும் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதே நாள் முழுவதற்குமான கவலையாகிவிடும். ஈடிஎஸ் என்னும் விரைவு மின்ரயில் நம் ஊரிலேயே நின்று, சுமார் மூன்று மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரலில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து எல்ஆர்டி, எம்ஆர்டி, கொமுட்டர் ஆகிய நகர ரயில்கள் எல்லாம் கிடைக்கும். தேசிய அருங்காட்சியகத்துக்கு அதே பெயரில் எம்ஆர்டி நிலையமும் இருக்கிறது. ஈடிஎஸ் ரயிலில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் குறிப்பிட்ட இருக்கை உண்டு என்பதால், பள்ளி விடுமுறையிலும் தீபாவளியை ஒட்டிய நாட்களிலும் நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும்.

ரயிலில் போகிறவர்களும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கேஎல் சென்ட்ரல் 2001-இல் திறக்கப்பட்ட புதிய நிலையம்; நம் பாட்டன்மார் வந்து இறங்கிய கோலாலம்பூர் ரயில் நிலையம் அதற்கு முந்தைய நிறுத்தம். ஆர்தர் பெனிசன் ஹபேக் வடிவமைத்து 1910-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தை, மூட்டை முடிச்சுகளை எடுத்துவைக்கும் அவசரத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சென்ட்ரலில் பைகளை ஒப்படைத்துவிட்டு, கொமுட்டரில் ஒரே ஒரு நிறுத்தம் திரும்பி வந்தால் அதை நிதானமாகப் பார்க்கலாம். ஜாமெக் பள்ளிவாசலும் அதே ஹபேக்கின் வடிவமைப்புதான், ஆண்டு 1909. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் பிள்ளைகள் வளைவுகளையும் குவிமாடங்களையும் தாமாகவே ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தை அரண்மனை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பரவலான பிழை. அது அரண்மனையாக ஒருநாளும் இருந்ததில்லை. 1897-இல் கட்டி முடிக்கப்பட்டபோது அது சிலாங்கூர் அரசாங்கத்தின் அலுவலகம். அன்றைய சுல்தானின் பெயர் அதற்கு அமைந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இந்தச் செங்கல் நிறமும் குவிமாடங்களும் அந்நியமாகத் தோன்றா. இரண்டுமே ஆங்கிலேயர் ஆட்சியில், இந்திய, இஸ்லாமியக் கட்டடக்கலைகளைக் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியில் எழுந்தவை.

அதைவிடப் பெரிய பிழை, எதிரேயுள்ள சதுக்கத்தில் நின்றுகொண்டு, நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை ‘மெர்டேக்கா’ (சுதந்திரம்) என்று முழங்கியது இங்கேதான் என்று சொல்வது. படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். 1957 ஆகஸ்ட் 30-ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்டு மலாயாக் கொடி ஏற்றப்பட்டது இந்தத் திடலில். அப்போது இது சிலாங்கூர் கிளப்பின் திடல். பிரகடனம் வாசிக்கப்பட்டதும் முழக்கம் எழுந்ததும் மறுநாள் காலையில், மெர்டேக்கா விளையாட்டரங்கில். அந்த அரங்கம் இன்றும் இருக்கிறது. 118 மாடிக் கோபுரத்தை ஒட்டியிருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. உள்ளே போக முடியாத நாளிலும் வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம். சுதந்திரத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பும் பெற்றோர் முதலில் திடலையும் பிறகு அரங்கத்தையும் காட்டினால், அந்த இரவும் மறுநாள் காலையும் வரிசையாக மனத்தில் நிற்கும்.

இரட்டைக் கோபுரத்தைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. மேலே ஏறிப் பார்க்கத் திங்கட்கிழமைகளில் அனுமதி இல்லை. மற்ற நாட்களுக்கும் முன்பதிவு வேண்டும். வெளியிலிருந்து பார்க்கக் காசு இல்லை. வரலாற்றுச் சின்னம் என்று அதைச் சொல்வதற்கு இன்னும் ஒரு தலைமுறை போக வேண்டும் என்பது என் கருத்து.

பழைய இஸ்தானா சாலை அரண்மனைக்குப் போய், மாமன்னர் இங்கே இருக்கிறார் என்று வாசலில் நின்று படம் எடுப்பவர்களும் உண்டு. 2011 முதல் மாமன்னரின் அரண்மனையான இஸ்தானா நெகாரா டூத்தா சாலைப் பக்கம் இருக்கிறது.

பள்ளிவாசல்களுக்குப் போவதில் நேரமும் உடையும் முக்கியம். தொழுகை வேளைகளில், குறிப்பாக வெள்ளிக்கிழமை நண்பகலில், பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் அங்கி கொடுப்பார்கள் என்றாலும், அரைக்கால் சட்டையோடு போய் வரிசையில் நின்று அங்கி வாங்குவதைவிட முழுக்கை, நீளக் கால்சட்டை, கழுத்தில் ஒரு துப்பட்டா என்று கிளம்புவது எளிது. அதே உடை மாரியம்மன் கோயிலுக்கும் பொருந்தும்.

அந்தக் கோயிலைக் கும்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுவதும் ஒரு தவறுதான். தம்புசாமிப் பிள்ளை 1873-இல் தம் குடும்பக் கோயிலாகத் தொடங்கிய இடம் அது; பின்னர்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பத்துமலையில் முருகனுக்கு வழிபாடு தொடங்கியதும் அவரால்தான். தைப்பூசத்தின்போது வெள்ளிரதம் இந்த வாசலிலிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படுகிறது. ஆகவே முதலில் மாரியம்மன், பிறகு பத்துமலை என்ற வரிசையே சரி. தைப்பூச நாட்களில் சுற்றிப்பார்க்கும் எண்ணத்தோடு மட்டும் அங்கே போக வேண்டாம்; அந்தக் கூட்டம் பக்தர்களுக்கானது.

பத்துமலையில் 272 படிகள். காலை எட்டு மணிக்கு ஏறும் பாட்டிக்கும் நண்பகலில் ஏறும் பாட்டிக்கும் உள்ள வேறுபாட்டை, இறங்கும்போது அவர் முழங்காலே சொல்லிவிடும். மழை பெய்திருந்தால் படிகள் வழுக்கும். கையில் பிளாஸ்டிக் பையில் வாழைப்பழமோ அர்ச்சனைத் தட்டோ தெரிந்தால் குரங்குகள் விடுவதில்லை. ஒரு குரங்கு முன்னால் வந்து முறைக்க, இன்னொன்று பின்னாலிருந்து பையைப் பிடுங்கும். ஏற முடியாதவர்களுக்குக் கீழேயே 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும், ரயில் நிலையத்தை ஒட்டி ராமாயணக் குகையும் இருக்கின்றன. கொமுட்டர் பத்துமலை வரை போகிறது, ஆனால் அடிக்கடி ஓடுவதில்லை என்பதால் நேர அட்டவணையைப் பார்க்காமல் நிலையத்துக்குப் போகக் கூடாது.

நம் ஊர்க்காரர்கள் அதிகமாகத் தவறவிடுவது தேசிய நினைவுச் சின்னத்தை. போனாலும் ஏழு வீரர்களின் வெண்கலச் சிலைகளுக்கு முன்னால் வரிசையாக நின்று ஒரு படம், அவ்வளவுதான். ஃபெலிக்ஸ் டி வெல்டன் வடித்து 1966-இல் திறக்கப்பட்ட அந்தச் சின்னம் நினைவுகூரும் அவசரகாலம், அதாவது கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களை எதிர்த்துப் போராடிய காலம், எங்கே தொடங்கியது? 1948 ஜூன் 16-ஆம் நாள், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பிறப்பிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. பல தோட்டங்களில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை ஒரே இடத்தில் நெருக்கிவைத்து முள்வேலி போட்டார்கள். ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் வந்தன. அந்த நாட்களைச் சிறுவயதில் பார்த்த தாத்தாவோ பாட்டியோ உடன் வந்திருந்தால், படம் எடுத்தவுடன் அவர்களை வண்டியில் ஏற்றாமல், நிழலில் ஓர் இடம் பார்த்து உட்காரவைத்துப் பேச விடுங்கள். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடியோடு மழை வருவது தலைநகரில் வழக்கம் என்பதால், இந்தத் திறந்தவெளி இடத்தைக் காலையில் வைத்துக்கொண்டு, மழை நேரத்தை அருங்காட்சியகத்தின் நான்கு கூடங்களுக்கு ஒதுக்குவது நல்லது.

கடைசியாக, திரும்பும் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே கேஎல் சென்ட்ரலுக்கு வந்து, பேரங்காடியின் குளிரில் அந்த நேரத்தைக் கழித்துவிடுவது. வெளியே இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ். அதன் முதன்மைச் சாலைக்கு நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் சீவியவர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கிக் காட்டியவர் அவர். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. சாலைப் பெயர்ப் பலகைக்குக் கீழே பிள்ளைகளை நிறுத்தி இவ்வளவையும் சொல்லிவிட்டு, அதே சாலையில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ரயில் புறப்பட அரை மணி நேரம் இருக்கும்போது நடைமேடை வாயிலுக்கு வந்துவிடலாம். புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே அந்த வாயிலை மூடிவிடுவார்கள்.