பழைய ராணுவ ரைபிள்: விலை கணிப்பதில் எங்கே சறுக்குகிறோம்

"மோசின் நாகான்ட் (பழைய ரஷ்ய ராணுவ ரைபிள்) இப்போது என்ன விலை போகிறது?" என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்வியே முதல் தவறு. மோசின் 91/30 என்ற ஒரே பெயரில் லட்சக்கணக்கான ரைபிள்கள் இருக்கின்றன. சேகரிப்பவர்கள் 'ஹெக்ஸ்' என்று சொல்கிற, பட்டை வைத்த பழைய ரிசீவர் (மற்றப் பாகங்கள் பூட்டுகிற நடு உடல்) உள்ளது ஒன்று, 1942-ல் போர் அவசரத்தில் கடைசல் தழும்புகூட மறையாமல் வெளியே அனுப்பியது ஒன்று, பின்லாந்து ராணுவம் கைப்பற்றி 'எஸ்ஏ' என்று கட்டம் கட்டி முத்திரை குத்தியது இன்னொன்று. மூன்றும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் புதிதாக வருகிறவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும், விலை மட்டும் ஒன்றாக இருக்காது. மாட்டுக்கு விலை சொல்வதற்கு முன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் இல்லையா, அதே கதைதான் இங்கேயும். விலை மாடலுக்கு அல்ல, உங்கள் கையில் இருக்கிற அந்த ஒரு துப்பாக்கிக்கு.

அடுத்தது 'ஆல் மேட்சிங்' மயக்கம். ரிசீவர், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற பாகம்), மேகஸின் தகடு, பட் பிளேட் (தோளில் படுகிற பின்முனைத் தகடு) எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் விலை ஏறும், அது உண்மை. ஆனால் அந்த எண்ணை எப்போது, யார் அடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சோவியத் கிடங்குகளில் ரைபிள்களை மொத்தமாகப் பிரித்து, சுத்தம் செய்து, கிடைத்த பாகங்களைப் போட்டு மறுபடி பூட்டினார்கள். போல்ட்டில் இருந்த பழைய எண்ணைத் தேய்த்தோ, மேலே கோடு போட்டோ ரிசீவரின் எண்ணைப் புதிதாக அடித்தார்கள். என் முதல் மோசின் இப்படித்தான் வந்தது. விற்றவர் நான்கு எண்களையும் விரலால் தொட்டுக் காட்டினார், நானும் தலையாட்டிவிட்டு அவர் கேட்டதைக் கொடுத்தேன். வீட்டில் வைத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தபோதுதான் எண்களின் எழுத்துரு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதும், போல்ட்டில் பழைய எண்ணின் சாயல் அடியில் தெரிவதும் கண்ணில் பட்டது. அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். காசு போனது போனதுதான். சோவியத் படை கைப்பற்றிய ஜெர்மன் மவுசர் கே98கே-யிலும் இதே பிரச்சினை உண்டு: ரிசீவரில் சின்னதாக ஒரு 'எக்ஸ்' குறி, மின்சாரப் பேனாவால் கிறுக்கிய எண்கள், மேலே கெட்டியாக ஏற்றிய கறுப்பு. அது நல்ல ரைபிளாகவே இருக்கலாம், ஆனால் தொழிற்சாலையில் இருந்து வந்த எண்ணோடு கைபடாமல் இருக்கிற கே98கே-யின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எம்1 கரண்ட் என்ற அமெரிக்க ராணுவ ரைபிளை விற்கிற ஒருவர் 'எல்லா எண்ணும் ஒத்துப்போகும்' என்று கூடுதலாகக் கேட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம். கரண்டில் வரிசை எண் ரிசீவரில் மட்டும்தான் இருக்கும், மற்றப் பாகங்களில் இருப்பது வரைபட எண்கள். எந்த ரைபிளில் எந்த எண் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போகாவிட்டால் இல்லாத ஒன்றுக்குப் பணம் கொடுப்போம், அல்லது இருக்கிற ஒன்றைக் கோட்டை விடுவோம்.

பளபளப்பைப் பார்த்து மயங்குவதுதான் எனக்கு ரொம்ப எரிச்சலூட்டுகிற தவறு. ஸ்டாக்கை, அதாவது ரைபிளின் மரக்கட்டையை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்து 'புதுசு மாதிரி' என்று வைத்திருப்பார்கள். அந்த உப்புத்தாளோடு மரத்தில் குத்தியிருந்த ஆய்வாளர் முத்திரைகளும் போய்விட்டன, அவற்றோடு விலையில் பெரும்பகுதியும். கீறலும் பள்ளமும் எண்ணெய்க் கறையும் இருக்கிற, யாரும் தொடாத மரம்தான் மதிப்புள்ளது. உலோகத்துக்கும் இதே விதி. புதிதாக புளூயிங் (உலோகத்தின் கருநீலப் பூச்சு) ஏற்றுவதற்கு முன் மெருகு போட்டிருந்தால் விளிம்புகள் மழுங்கியிருக்கும், எழுத்துகள் ஆழம் குறைந்து கலங்கலாக இருக்கும், ஆணித் துளைகளின் ஓரம் குழிந்திருக்கும். சாய்வாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஜப்பானிய அரிசாகாவில் இன்னும் ஒரு படி மேலே: ரிசீவரின் தலையில் இருக்கிற பதினாறு இதழ் சாமந்திப் பூ முத்திரையைச் சரணடைந்த சமயத்தில் பெரும்பாலும் அரைத்து அழித்துவிட்டார்கள். பூ முழுசாக இருந்தால் ஒரு விலை, அரைத்திருந்தால் வேறு விலை.

சரி, உள்ளே வருவோம். பேரலை (குழலை) உள்ளே பார்க்காமல் விலை பேசுவது எப்படி என்று எனக்குப் புரிவதே இல்லை, ஆனாலும் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். முதலில் சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) மேகஸினும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் சரிபார்த்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, பின்பக்கம் வெளிச்சம் வைத்து முன்பக்கமாகவும், அப்புறம் திருப்பியும் பாருங்கள். பழைய தோட்டாக்களின் பிரைமரில் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கிற சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு அது உப்பாகப் படியும், உப்பு ஈரத்தை இழுக்கும், சுத்தம் செய்யாமல் விட்டால் பேரல் உள்ளே துரு பிடித்துக் குழி விழும். லேசான கறுப்பு சுத்தம் செய்தால் போகலாம், குழி போகாது. 'சுத்தம் செய்தால் சரியாகிவிடும்' என்று சொன்னால் அதை அவரே செய்துவிட்டு விற்கட்டும். பேரலின் வாய்ப்பகுதி தனிக்கதை. பல தலைமுறை வீரர்கள் வாய்ப்பக்கமாகக் கம்பியை விட்டுத் துடைத்ததால் அங்கே சுருள்வரி (குண்டைச் சுழலவைக்கிற உள்வரி) தேய்ந்திருக்கும். சோவியத் பட்டறைகளில் தேய்ந்த அந்தப் பகுதியை மட்டும் உள்ளே அகலமாகக் கடைந்துவிட்டார்கள். சுடுவதற்கு அது குறை இல்லை, சேகரிப்பவர் விலையைக் குறைப்பார். கரண்ட் என்றால் வாய்த் தேய்மானத்துக்கும் தொண்டைத் (சேம்பரை ஒட்டிய பகுதி) தேய்மானத்துக்கும் தனித்தனி கேஜ் (அளவுகருவி) இருக்கிறது, அந்த எண்களைக் கேளுங்கள். ஸ்வீடன் மவுசரில் ஸ்டாக்கில் ஒரு பித்தளை வில்லை இருக்கும், அதில் பேரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ராணுவமே குறித்து வைத்தது. ஆனால் அந்தக் குறி பல பத்தாண்டுகளுக்கு முந்தையது, அதற்கப்புறம் யார் எப்படி வைத்திருந்தார்களோ.

சுடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட்டின் முகத்திலிருந்து சேம்பரில் தோட்டா நிற்கும் இடம் வரையுள்ள அளவு) பார்க்கத் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்குக்குக் கொடுக்கிற காசையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், போல்ட் மாறிய ரைபிளுக்குக் கண்டிப்பாக. 1903 ஸ்ப்ரிங்ஃபீல்டு என்ற அமெரிக்க ரைபிள் ஒரு நல்ல எச்சரிக்கை: ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் வந்ததில் 800,000-க்குக் கீழே எண் உள்ள ரிசீவர்கள் சூடேற்றிப் பதப்படுத்தியதில் இருந்த குறையால் நொறுங்கக்கூடியவை என்று பேர் எடுத்தவை. சுவரில் மாட்ட அருமையான பொருள், சுடுகிற துப்பாக்கியின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

ஸ்னைப்பர் (ஸ்கோப் மாட்டியது), கார்பைன் (குட்டையானது) என்ற சொற்களைக் கேட்டதும் கை பர்ஸுக்குப் போனால் கொஞ்சம் நிறுத்துங்கள். அதிக விலை போகிற வகையைத்தான் போலியாகச் செய்வார்கள், சாதாரண ரைபிளை யார் போலி செய்யப் போகிறார்கள்? பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு நம்பர் 4-ன் பேரலை வெட்டி, வாயில் கூம்பு மாட்டி, நம்பர் 5 'ஜங்கிள் கார்பைன்' என்று விற்பது பழைய வித்தை. அசலில் எடையைக் குறைக்க ரிசீவரிலும் பேரலின் அடியிலும் உலோகத்தைக் குடைந்து எடுத்திருப்பார்கள், மரத்தைக் கழற்றினால் தெரியும். நம்பர் 4 ஸ்னைப்பர் என்றால் ரிசீவரின் இடப்பக்கத்தில் 'டி' குறியும், ஸ்டாக்கின் கழுத்தில் ஸ்கோப்பின் எண்ணும் இருக்க வேண்டும். 'தாத்தா போரில் இருந்து கொண்டு வந்தது' என்ற கதைக்கும் இதே மருந்து. கதைக்குத் தனியாக விலை கிடையாது, காகிதம் இருந்தால் பேசலாம். பையில் அடங்குவதற்காகச் சில வீரர்கள் ஸ்டாக்கை, பேரலோடு இறுக்குகிற வளையத்துக்கு அடியில் மறையும்படி, குறுக்கே அறுத்தார்கள். அப்படி ஒரு வெட்டு இருந்தால் கதைக்குக் கொஞ்சம் உயிர் வரும், ஆனால் விலை இறங்கும், வேடிக்கைதான்.

இன்னும் ஒரு இடத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். விற்பவர்கள் கேட்கிற விலைகளைப் பார்த்துச் சராசரி போடுகிறார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, கேட்பதற்கு என்ன காசா செலவாகிறது. ஒரு வருடமாக விற்காமல் கிடக்கிற ரைபிளின் விலையும் அந்தச் சராசரியில் இருக்கும். ஏலத்தில் முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள், அதுவும் கடந்த சில மாதங்களுக்குள். கிடங்கில் இருந்து பெட்டி பெட்டியாக இறக்குமதி ஆகிறபோது விலை தரையில் கிடக்கும், வரத்து நின்றதும் ஏறும். அதனால் ஐந்து வருடத்துக்கு முந்தைய விலை எதற்கும் உதவாது. ஏலத்தில் வாங்குபவர் தலையில் விழுகிற கமிஷன், அனுப்பும் செலவு, உரிமம் உள்ள டீலர் வழியாக மாற்றுகிற கட்டணம் எல்லாம் சேர்த்துத்தான் உங்கள் விலை. கரண்டுக்கு மட்டும் ஒரு சௌகரியம்: அமெரிக்காவில் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் அமைப்பு தரம் பிரித்து விலை வைத்து விற்கிறது, அங்கே ஒரு அளவுகோல் கிடைக்கும்.

வேட்டைக்காக மரத்தை வெட்டி, ஸ்கோப்புக்கு ரிசீவரில் துளை போட்ட ரைபிளை மலிவாக வாங்கிப் பழையபடி ஆக்கிவிடலாம் என்ற கனவு எனக்கும் இருந்தது. ஸ்டாக், வளையங்கள், மேல் கட்டை, பயனெட் பிடி என்று ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிக் கூட்டிப் பார்த்தால் முழுசான ஒன்றையே வாங்கியிருக்கலாம். அவ்வளவு செய்தும் துளை துளையாகவே இருந்தது.

உங்கள் நாட்டுச் சட்டப்படி அந்த ரைபிளை வைத்திருக்க முடியுமா, எண்ணும் உரிமமும் சரியாக இருக்கிறதா என்பதை விலை பேசுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். செயலிழக்கச் செய்த ரைபிள் என்றால் பேரல், ஹெட்ஸ்பேஸ் பேச்சே வேண்டாம், மரமும் முத்திரையும் மட்டும்தான் விலை. மற்றபடி டார்ச், கண்ணாடி, அந்த மாடலின் முத்திரைப் பட்டியல் மூன்றும் பையில் இருக்கட்டும். விற்பவர் போல்ட்டைக் கழற்றவே விடமாட்டேன் என்றால் கேட்கிற விலையைப் பேச வேண்டாம், வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போங்கள்.