கம்பி நகை பழகக் கேபிள் துண்டு போதும்

கம்பி சுற்றி நகை செய்யப் பழகுகிறவர்கள் எடுத்தவுடன் வெள்ளிக் கம்பி வாங்க வேண்டாம். கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் கேபிளின் மீந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியில் பழகுங்கள். டர்பனில் கேபிள் போடும் தம்பி ஒருவராவது நம் சொந்தபந்தத்தில் இருப்பார். அவருக்கு அது குப்பை.

ஒரு மீட்டர் கேபிளுக்குள் எட்டு இழைகள், அதாவது ஏறக்குறைய எட்டு மீட்டர் கம்பி. ஒவ்வொன்றும் சுமார் 0.5 மி.மீ. கனம், மணி கோக்கவும் கல்லைச் சுற்றவும் கடையில் 24 கேஜ் என்று விற்பதும் இதே கனம்தான். செம்பு விரலுக்கே வளைந்து கொடுக்கும், ஆனால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால் இறுகி ஒடியும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைக் கை கற்றுக்கொள்வதற்குள் நிறைய ஒடியும்; காசு கொடுத்து வாங்காத கம்பி என்றால் மனம் வலிக்காது.

மேலுறையைப் பிளேடால் கீறி உரியுங்கள். எரித்து எடுக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு.

இரு முனையிலும் பிளக் பொருத்தி விற்கும் வளைந்து கொடுக்கும் கேபிள் பெரும்பாலும் உதவாது. உள்ளே நூல் நூலாக இருக்கும். சுரண்டினால் வெள்ளையாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியம், அதையும் விடுங்கள். காதுக் கொக்கிக்கு இந்தக் கம்பி ஆகாது: நெளிந்துவிடும், கடற்காற்றில் கறுக்கவும் செய்யும். தெருவில் மலிவாக வரும் செம்பையும் தொடாதீர்கள். கேபிள் திருட்டால்தான் 2022 நவம்பரில் தென்னாப்பிரிக்க அரசு பழைய செம்பு ஏற்றுமதிக்கே தடை போட்டது.