வேலைக்கும் மலைக்கும் ஒரே சைக்கிள்: முதன்முறை வாங்குபவர்களுக்கு

வாரம் முழுக்க அலுவலகம், எப்போதாவது ஒரு சனிக்கிழமை கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஏலகிரி. இரண்டுக்கும் ஒரே சைக்கிள் போதுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாகப் போதும். நான் காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் வழியாக வேலூருக்குத் தினமும் போய்வருவதும் மலைக்குப் போவதும் ஒரே வண்டியில்தான். கடையில் எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம்.

1. முதலில் மூட்டையை எடை போடுங்கள்

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்யுங்கள். மடிக்கணினி, சாப்பாட்டு டப்பா, மழைக்கோட்டு என்று அலுவலகச் சுமை 4, 5 கிலோவுக்குள் அடங்கிவிடும். கூடாரம், போர்வை, அடுப்பு, அரிசி, மாற்றுத் துணி, 4 லிட்டர் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 12 கிலோவைத் தாண்டும். தண்ணீர் மட்டுமே 4 கிலோ என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதுகில் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நம் வெயிலில் அரை மணி நேரத்தில் சட்டை நனைந்து தோள் வலிக்கத் தொடங்கிவிடும். சுமையைச் சைக்கிள்தான் தூக்க வேண்டும்.

2. பின் அச்சுக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமான படி. பின்சக்கரத்தின் அச்சு மாட்டும் இடத்துக்குச் சற்று மேலே, ஃப்ரேமின் இரண்டு பக்கமும் 5 மில்லிமீட்டர் போல்ட் ஏறும் மரைத்துளைகள் இருக்கின்றனவா? சீட்டுக்குக் கீழிருந்து பின் அச்சுக்கு இறங்கும் குழாய்களின் மேல்பகுதியிலும் அதே போல ஒரு ஜோடி வேண்டும். இந்த நான்கும் இருந்தால் கேரியர் அசையாமல் நிற்கும். கீழே ஒவ்வொரு பக்கமும் இரண்டு துளைகள் இருந்தால் மட்கார்டுக்கும் தனி இடம் கிடைக்கும்.

என் முதல் சைக்கிளில் இந்தத் துளைகள் இல்லை. முன்னால் தடித்த சஸ்பென்ஷன், 21 கியர், பளபளப்பான நிறம். அதைப் பார்த்து வாங்கிவிட்டேன். சீட் கம்பத்தில் இறுக்கிப் பிடிக்கும் கேரியரை மாட்டிக்கொண்டு ஏலகிரி ஏறினேன். நான்காவது வளைவைத் தாண்டியதும் கேரியர் ஒரு பக்கமாகத் திரும்பி, பையின் வார் பின்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. ஏற்றத்தில் மெதுவாகப் போனதால் காலை ஊன்றித் தப்பித்தேன். இறக்கத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள்; பல அலுமினியக் கேரியர்களில் 25 கிலோ என்று இருக்கும், நமக்கு அது போதும். டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால், பிரேக் பெட்டி கேரியரின் காலை இடிக்கிறதா என்று மாட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

3. கியர்களை விட்டுவிட்டுப் பற்களை எண்ணுங்கள்

21 கியர், 24 கியர் என்ற எண்ணிக்கை ஏற்றத்தில் உதவாது. முன்பக்கத்தில் மிகச் சிறிய பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்பக்கத்தில் மிகப் பெரியதில் எத்தனை பல் என்று கேளுங்கள். முன்னது பின்னதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

முன் 28, பின் 28 என்றால் பெடலை ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரமும் ஒரு சுற்று. 700சி என்ற அளவுள்ள சக்கரத்தில் 40 மில்லிமீட்டர் அகல டயர் போட்டால் அது ஏறக்குறைய 2.2 மீட்டர். பின்னால் 34 பல் இருந்தால் அதே மிதிக்கு 1.8 மீட்டர்தான் நகரும். வேகம் குறையும், ஆனால் முழங்கால் பிழைக்கும். 12 கிலோ மூட்டையோடு ஏறும்போது இந்த வித்தியாசம் உடம்புக்கு நன்றாகவே தெரியும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையேழு வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கும்போது ஓரமாக நின்று பெயர்ப்பலகையை வாசிப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். பாரியிடம் ஒரு வாய் தண்ணீர், அவ்வையிடம் ஒரு வாய் என்று ஏறிவிடலாம்.

4. டயர்

டயரின் பக்கவாட்டில் 40-622 என்பது போல ஓர் எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். அகலம் 35 முதல் 45 வரை இருந்தால் தார்ச்சாலையிலும் சுகம், மண்பாதையிலும் பயமில்லை. கட்டைக் கட்டையாக முட்கள் உள்ள டயர் தினசரிச் சாலையில் வீணாக இழுக்கும். ட்யூபில் மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற வால்வு இருக்கட்டும். அதற்குக் காற்றடிக்கும் வசதி எந்த ஊரிலும் கிடைக்கும்.

5. மற்றவை

ஃப்ரேம் எஃகோ அலுமினியமோ, இரண்டும் நல்லதுதான். எஃகு சற்றுக் கனம், ஆனால் உடைந்தால் வெல்டிங் பட்டறையில் ஒட்ட வைக்கலாம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் சஸ்பென்ஷன் இல்லாததாகவே எடுங்கள். விலை குறைந்த சஸ்பென்ஷன் கனத்தைக் கூட்டுமே தவிர பெரிதாக ஒன்றும் செய்யாது. பிரேக் கேபிளில் இயங்குவதாக இருந்தால் வழியில் நாமே சரிசெய்துகொள்ளலாம். பின்சக்கரத்தில் 32 கம்பிகளாவது இருக்கட்டும், 36 என்றால் இன்னும் நிம்மதி.

சரி, பணம். கேரியர், மட்கார்டு, விளக்கு, பூட்டு, கைப்பம்பு எல்லாம் தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ‘ஹைபிரிட்’ சைக்கிள்கள் பலவற்றில் தனியாகத்தான் வாங்க வேண்டும். அதற்கு ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, மீதியில் சைக்கிள் பாருங்கள்.

6. மூட்டையோடு ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்

ஃப்ரேமின் மேல்குழாய்க்கு இருபுறமும் காலை ஊன்றி நின்றால், குழாய்க்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல்கடையாவது இடைவெளி வேண்டும். அப்புறம் சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் நேராக நிற்கும் உயரத்தில் சீட்டை வைத்தால், முன்பாதத்தால் மிதிக்கும்போது கால் சரியாக மடங்கும்.

கடைக்குப் போகும்போது இரண்டு பைகளையும் சில தண்ணீர் பாட்டில்களையும் எடுத்துப் போங்கள். கேரியரில் இருபக்கமும் சமமாகக் கட்டி, தெருவில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பெடலைச் சுற்றும்போது குதிகால் பையில் இடிக்கிறதா? ஒரு கையை எடுத்தால் ஹேண்டில்பார் ஆடுகிறதா? இடித்தால் பையைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டுங்கள். அப்படியும் இடித்தால் அந்தச் சைக்கிளை விட்டுவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கிய முதல் வாரம் தினமும் காலையில் கேரியர் போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள், புதிதில் தளரும். சில வாரம் ஓடியதும் கடைக்காரரிடம் கொடுத்து சக்கரக் கம்பிகளை ஒருமுறை இறுக்கிச் சரிபார்த்துவிட்டு மலைக்குக் கிளம்பலாம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கூடாரம் போடக் கூடாது. தங்கும் இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.